நன்னடத்தைக்கு ஊரார் துணை

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர்த் தொட்டி, இணைப்புச் சாலை, ஏரி மராமத்து, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி இம்முகாமில் விரிவாகப் பேசிவிட்டோம். அவையெல்லாம் மதிப்பீடு போட்டு, அளவு எடுத்து, புத்தகத்தில் பதிந்து முடிக்கக்கூடிய வேலைகள். இப்போது நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் வேலை எந்த மதிப்பீட்டிலும் அடங்காதது. கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பான பின்னும் சிறைக்கு அனுப்பப்படாமல், நன்னடத்தைப் பிணையின்பேரில் தன் ஊருக்கே திரும்பி வரும் மனிதனை எவ்வாறு நடத்துவது, அவனைக் கண்காணிக்கும் பொறுப்பில் நாம் எவ்வாறு துணை நிற்பது என்பதே அவ்வேலை.

இது போலீஸ்காரர் விஷயமாயிற்றே, பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கோர்ட்டு அந்த மனிதனைப் போலீஸ் நிலையத்துக்கு அனுப்பவில்லை. நம் தெருவுக்குத்தான் அனுப்பியிருக்கிறது. அவன் தண்ணீர் எடுக்கும் குழாயும், கூலிக்குப் போகும் வயலும், உட்காரும் டீக்கடையும் நம்முடையவை. ஆகையால் அவன் நிமிர்வதும் விழுவதும் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

நன்னடத்தைப் பிணை என்பது யாது?

ஒருவன் குற்றம் செய்தது உண்மை என்று கோர்ட்டு தீர்மானிக்கிறது. ஆயினும் உடனே தண்டனை விதிக்காமல், "குறித்த காலம் வரை ஒழுங்காக நடந்துகொள்வேன், அழைத்தால் வந்து தண்டனையை ஏற்றுக்கொள்வேன்" என்று அவனிடம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடுகிறது. இதுவே நன்னடத்தைப் பிணை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. பத்திரத்தின் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்றும் கோர்ட்டு உத்தரவிடலாம். அப்படி உத்தரவிட்டால் அக்கண்காணிப்பு ஓராண்டுக்குக் குறையலாகாது.

எல்லாக் குற்றங்களுக்கும் இந்த வாய்ப்பு உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இப்பிரிவு பொருந்தாது. மற்றக் குற்றங்களிலும், குற்றத்தின் தன்மை, அது நிகழ்ந்த சூழ்நிலை, செய்தவனுடைய குணம் ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்த பிறகே கோர்ட்டு முடிவு செய்யும். செய்தவன் 21 வயதுக்குக் குறைந்தவனாயின் அவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன்னால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைத்துப் பார்க்கவேண்டும் என்றும், சிறைக்கு அனுப்புவதாயின் அதற்குக் காரணத்தை எழுதவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத சிறார்களுக்கு வேறு தனிச் சட்டம் இருப்பதால் அவர்களைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை.

பிணையில் வந்தவன் விடுதலையாகிவிட்டான் என்று கொள்ளக்கூடாது. தண்டனை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. பத்திரத்தின் நிபந்தனையை மீறினால் கோர்ட்டு அவனை மறுபடி அழைத்து, முதலில் செய்த குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். மாறாக, காலம் முழுவதும் ஒழுங்காக இருந்துவிட்டால் அத்தண்டனை வருவதில்லை. இச்சட்டத்தின் கீழ் நடத்தப்பட்டவனுக்கு, குற்றத் தீர்ப்பினால் சட்டப்படி ஏற்படக்கூடிய தகுதிக்குறைவு ஏற்படாது என்றும் 12ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இவ்வளவு தூரம் இறங்கிவந்து அவனுக்கு ஒரு வாய்ப்பு அளிக்கிறது. ஊரார் அளிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே நம் முன் உள்ள கேள்வி.

கேபிளைத் திருடியவனுக்கு மன்னிப்பா?

இங்கே அமர்ந்திருக்கும் விவசாயிகளின் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. அதை நாமே எடுத்துச் சொல்லிவிடுகிறோம். ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், இரவில் ஒரு விவசாயியின் கிணற்றிலிருந்து பம்புசெட் கேபிளை அறுத்து, அதிலுள்ள செம்புக் கம்பியைப் பழைய இரும்புக் கடையில் விற்றுவிட்டான். அவனுக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய். விவசாயிக்கோ புதுக் கேபிள் வாங்கும் செலவு. அதோடு தண்ணீர் பாயாமல் நாற்றும் காய்ந்துபோயிற்று. "இவனை நன்னடத்தை என்று சொல்லி ஊருக்குள் விடுவதா? என் நாற்றுக்கு யார் பதில் சொல்வது?" என்று அவ்விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்வியே.

கோபத்தைச் சற்று ஒதுக்கிவைத்துக் கணக்கைப் பார்ப்போம். அவ்விளைஞன் ஆறு மாதம் சிறை செல்கிறான் என்று கொள்வோம். விவசாயிக்குக் கேபிள் திரும்பி வராது. சிறையிலிருப்பவனிடம் நஷ்டஈடு வசூலிக்கவும் இயலாது. அவனுடைய தாயும் தங்கையும் கடன் வாங்குவார்கள். அவனோ தன்னைவிட அனுபவம் மிக்க திருடர்களின் பழக்கத்தோடு திரும்பி வருவான். வந்த பிறகு அவனுக்கு யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். அந்த நிலையில் அடுத்த கிணற்றின் கேபிள் பத்திரமாக இருக்கும் என்று நம்மில் யார் உறுதி சொல்லமுடியும்?

நன்னடத்தைப் பிணையில் விடும்போது, பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான நஷ்டஈடு கொடுக்குமாறு கோர்ட்டு உத்தரவிடலாம். சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. அந்தத் தொகையைக் கட்டுவதற்கு அவனுக்கு ஆலோசனை கூறி உதவுவது நன்னடத்தை அலுவலரின் கடமைகளில் ஒன்றாகவே 14ஆம் பிரிவில் சொல்லப்பட்டிருக்கிறது. வெளியே இருந்து உழைப்பவனால்தான் பணம் கட்டமுடியும். ஆகவே இந்த ஏற்பாடு குற்றவாளிக்கு மட்டும் காட்டும் இரக்கம் அன்று. நாற்றை இழந்த விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு.

இவ்வாறு விடப்படும் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. சிலர் தவறுவார்கள். அவர்களுக்குக் கோர்ட்டு இருக்கிறது. ஆனால் திருந்தக்கூடியவன் ஊராரின் புறக்கணிப்பால் கெட்டுப்போனான் என்ற பழி நம் ஊருக்கு வரலாகாது.

இம்முறை வந்த வழி

இந்த முறையைத் தொடங்கியவர் நீதிபதியோ அதிகாரியோ அல்லர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வாழ்ந்த ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி அவர். 1841ஆம் ஆண்டில், குடிப் பழக்கத்துக்காகக் கோர்ட்டில் நிறுத்தப்பட்ட ஒருவனுக்கு அவர் தாமே முன்வந்து பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து அவனைத் தெளிந்த மனிதனாகத் திரும்ப அழைத்துவந்தார். நீதிபதி ஒரு சென்ட் அபராதத்தோடும் கோர்ட்டுச் செலவோடும் அவனை விட்டுவிட்டார். அகஸ்டஸ் 1859இல் காலமாகும் வரை ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு இவ்வாறு பிணை நின்றார். அவர் வாழ்ந்த மாசசூசெட்ஸ் மாநிலம் 1878இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 1907இல் சட்டம் வந்தது. ஆலோசனை கூறு, உதவி செய், நண்பனாக இரு என்ற மூன்று கடமைகளை அச்சட்டம் நன்னடத்தை அலுவலருக்கு விதித்தது.

இந்தியாவில் இவ்விஷயத்தில் சென்னை மாகாணம் பின்தங்கியிருக்கவில்லை. 1936ஆம் ஆண்டின் சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், நாடு முழுமைக்குமான 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. அண்மையில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், சமூக சேவை என்பதும் ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதல் தடவையாகத் திருடியவன் அப்பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் சமூக சேவையே தண்டனை. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை கொடுப்பவனுக்கும் அத்தண்டனையை விதிக்கலாம். அது தண்டனை, நன்னடத்தைப் பிணை தண்டனையை ஒத்திவைப்பது. இரண்டும் வேறாயினும், சிறு குற்றம் செய்தவனைச் சிறைக்குள் தள்ளாமல் சமுதாயத்துக்குள்ளேயே வைத்துத் திருத்துவது என்ற நோக்கம் இரண்டிலும் தெளிவாகத் தெரிகிறது. அவ்வாறெனில் சமுதாயம் அதற்கு ஆயத்தமாக இருக்கவேண்டும் அல்லவா?

ஊரார் ஏன் வேண்டும்?

நன்னடத்தை அலுவலர் நல்லவராகவும் திறமையானவராகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய பொறுப்பில் பல ஊர்கள்; பல வழக்குகள். குறித்த நாளில் வந்து பார்ப்பார், விசாரிப்பார், போவார். மற்ற நாட்களில் அந்த மனிதனை நாள்தோறும் பார்ப்பவர்கள் ஊரார்.

சட்டமும் இதை உணர்ந்தே இயற்றப்பட்டிருக்கிறது. அரசாங்கம் நியமிக்கும் அலுவலரே அன்றி, அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட சங்கம் அளிக்கும் ஒருவரும் நன்னடத்தை அலுவலராகச் செயலாற்றலாம் என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. தனிப்பட்ட சூழ்நிலையில், தகுதியானவர் என்று கோர்ட்டு கருதும் வேறு எவரையும் அப்பொறுப்பில் அமர்த்தலாம். அப்படி அமர்த்தப்படாத நிலையிலும் அலுவலரின் வேண்டுகோளின்பேரில் அவருக்குக் கைகொடுக்க எவருக்கும் தடையில்லை. அவ்வாறு துணை நிற்பவரை இவ்வுரையில் துணையாளர் என்று அழைப்போம். துணையாளருக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. அலுவலர் கேட்டுக்கொண்ட அளவுக்குள்தான் அவருடைய வேலை.

ஜப்பான் நாட்டில் இவ்வேலை பெரிய அளவில் நடைபெறுகிறது. அதற்கு அடிப்படையாய் அமைந்தது ஒரு துயர நிகழ்ச்சி. ஷிசுவோகா பகுதியில், இனித் தவறு செய்வதில்லை என்று உறுதிகூறிச் சிறையிலிருந்து வந்த ஒருவனைக் குடும்பமும் சேர்க்கவில்லை, உறவினரும் சேர்க்கவில்லை. மறுபடி திருடுவதற்கு மனமில்லாத அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். இச்செய்தி கின்பாரா மெய்சென் என்ற தொழிலதிபரின் உள்ளத்தைத் தைத்தது. அவர் முன்நின்று, சிறையிலிருந்து வருபவர்களுக்கு உறைவிடமும் வேலையும் தேடிக்கொடுக்கும் சங்கத்தை 1888இல் அமைத்தார். பின்னர் 1950ஆம் ஆண்டில் அந்நாட்டில் தொண்டர்களுக்கெனவே ஒரு சட்டம் வந்தது. 2023ஆம் ஆண்டளவில் சுமார் 47,000 பேர் இத்தொண்டில் இருந்தனர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. கைச்செலவு மட்டும் கொடுக்கப்படும். மாதத்துக்கு இரண்டு தடவையளவில் தம் பொறுப்பிலுள்ளவனைச் சந்தித்து, மாதந்தோறும் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது அவர்கள் வழக்கம்.

கண்காணிப்பு வேறு, வேவு வேறு

கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டால் நம் நாட்டில் சிலருக்குப் பழைய அச்சம் எழும். அதற்குக் காரணம் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களில் பிறந்தவர்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் ஆக்கியது. அவர்களுடைய கைரேகை பதியப்பட்டது. வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இரவில் சாவடியில் வந்து படுக்கவேண்டிய நிலைமையும் பல ஊர்களில் இருந்தது. சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947இல் ஒழித்தது; 1952இல் நாடு முழுவதும் அது ஒழிந்தது.

அந்தக் கண்காணிப்பு எவரையும் திருத்தவில்லை. உழைத்து வாழ விரும்பியவனும் இரவுதோறும் ஆஜராகவேண்டியிருந்ததால் வெளியூரில் வேலை தேட முடியாமற் போயிற்று. நன்னடத்தைச் சட்டத்தின் கண்காணிப்பு இதற்கு நேர் எதிரானது. இது பிறப்பைப் பார்ப்பதில்லை. ஒரு தனி மனிதன் செய்த ஒரு குறிப்பிட்ட செயலைப் பார்க்கிறது. குறித்த காலத்தில் முடிந்துவிடுகிறது. வேலை தேடித் தருவதைத் தன் கடமையாகக் கொள்கிறது. ஆகவே ஒருவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று பார்த்துச் சந்தேகப்படும் துணையாளர், ஒழிந்துபோன அந்தப் பழைய சட்டத்தைத் தம் ஊரில் மீண்டும் நடத்துகிறார் என்றே நாம் சொல்லவேண்டும்.

துணையாளர் செய்யவேண்டியவை

முதலாவது, விசாரணையில் உண்மை கூறுதல். தீர்ப்புக்கு முன்னால் நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து, குற்றஞ்சாட்டப்பட்டவனுடைய குடும்ப நிலை, தொழில், பழக்கவழக்கம் ஆகியவற்றை விசாரிப்பது உண்டு. ஒரு மனிதனுடைய வருங்காலம் அந்த விசாரணையில் அடங்கியிருக்கிறது. அப்போது நம் கட்சி, எதிர்க்கட்சி, போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டான் என்பவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது பெரும் பாவம். ஊர்த்தெருவார் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு அலுவலர் திரும்பிவிடாதபடி, காலனித் தெருவுக்கும் அவரை அழைத்துச் செல்லவேண்டும்.

இங்கே வேறொன்றையும் குறிப்பிடவேண்டும். பிணையில் விடுவதற்கு, அவனுக்கோ அவனுக்கு ஜாமீன் நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்கவேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நிலபுலன் உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு ஜாமீன் நிற்கப் பத்துப் பேர் வருவார்கள். கூலிக்காரன் பிள்ளைக்கு யார் வருவார்? அப்படிப்பட்டவனுடைய இருப்பிடத்தையும் தொழிலையும் அறிந்தவர்கள் அதை அலுவலரிடம் எடுத்துரைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, முதல் வாரம். கோர்ட்டிலிருந்து வந்தவன் முதல் வாரம் வீட்டைவிட்டு வெளியே வரக் கூசுவான். அந்த நாட்களில் அவனை முதலில் தேடி வருபவர் யார் என்பது முக்கியம். பழைய கூட்டாளி வருவதற்கு முன்னால் துணையாளர் போகவேண்டும். பத்துப் பேரோடு போகாமல், ஆர்ப்பாட்டமின்றிப் போகவேண்டும். பத்திரத்தில் எழுதியுள்ள நிபந்தனைகளை அவனுக்குப் புரியும் சொற்களில் படித்துக்காட்டவேண்டும். அலுவலரைப் பார்க்கவேண்டிய தேதிகளை வீட்டுக் காலண்டரில் குறித்து, தாயாரிடமோ மனைவியிடமோ சொல்லிவைக்கவேண்டும். வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் தேதியை மறந்துவிட்டாலும், பஸ் செலவுக்குக் காசில்லாமல் போகாமலிருந்துவிட்டாலும், நிபந்தனை மீறல் என்ற பெயர் வந்துவிடும். இச்சிறு விஷயத்தில் எச்சரிக்கையாக இருந்தால் பெருந்தீங்கைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, வேலை. கையில் வேலை இல்லாதவனுக்குக் கூறும் புத்திமதி காற்றில் கலந்துவிடும். விவசாயப் பெருமக்களாகிய உங்களால்தான் இதைச் செய்யமுடியும். ஊரக வேலைத் திட்டத்தில் அவன் பெயர் பதிவாகியிருக்கிறதா, ரேஷன் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் இருக்கின்றனவா, அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் வயதா என்பதையெல்லாம் துணையாளர் பார்க்கவேண்டும். ஒன்றை மட்டும் அழுத்தமாகக் கூறுகிறோம். பிணையில் இருக்கிறான், எதிர்த்துப் பேசமாட்டான் என்று எண்ணிப் பாதிக் கூலிக்கு வேலை வாங்கக்கூடாது. அச்சத்தைக் காட்டி உழைப்பைப் பறிப்பது கொத்தடிமை முறைக்கு ஒப்பாகும். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்திருக்கிறது. மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதுவே அவனுக்கும்.

நான்காவது, நஷ்டஈடு. கோர்ட்டு குறித்த தொகையைத் தவணை தவறாமல் கட்டுகிறானா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அப்பணம் துணையாளர் கையின் வழியாகப் போகலாகாது. கோர்ட்டு சொன்ன வழியில் செலுத்தி, ரசீது பெற்று, ரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும்.

ஐந்தாவது, குடியும் கூட்டுறவும். குடிப் பழக்கம் உள்ளவனை நாலு பேர் முன்னிலையில் ஏசுவதால் பயன் இல்லை. அதை நோயாகக் கருதி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை. மாலை நேரத்தில் அவனுக்கு ஓர் இடம் வேண்டும். நூலகமோ, விளையாட்டுக் குழுவோ, பால் சங்கத்துக் கணக்கு வேலையோ எதுவாயினும் சரி.

ஆறாவது, குறிப்பேடு. துணையாளர் ஒரு சிறு நோட்டில் தாம் நேரில் கண்டதை மட்டும் தேதியிட்டு எழுதவேண்டும். "வேலைக்குப் போகிறான், தங்கைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினான், இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை, காரணம் கேட்டேன்" என்ற அளவில் இருந்தால் போதும். "அவனாம், இவனாம்" என்று ஊரில் பேசுவதை எழுதக்கூடாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை இரகசியமாகக் கருதவேண்டும் என்று 7ஆம் பிரிவு கூறுகிறது. நம் குறிப்புக்கும் அந்த மரியாதை உண்டு. டீக்கடையில் அதைப் பற்றிப் பேசுபவர் துணையாளராக இருக்கத் தகுதியற்றவர்.

தவறினால் என்ன செய்வது?

அவன் தவறு செய்வதைக் கண்டால் மறைப்பதா, சொல்வதா? இது துணையாளருக்கு மிகக் கடினமான இடம். சோம்பலோ, கோபப் பேச்சோ, ஒரு நாள் வராமலிருந்ததோ ஆனால், நேரில் கண்டித்துத் திருத்தலாம். அலுவலர் வரும்போது உள்ளபடி தெரிவிக்கலாம். சொல்லாமல் ஊரைவிட்டுப் போனாலோ, மறுபடி குற்றத்தில் இறங்கினாலோ, வீட்டில் பெண்களை அடித்துத் துன்புறுத்தினாலோ, அன்றே அலுவலருக்குத் தெரிவிக்கவேண்டும். இரக்கத்தால் மறைப்பது அவனுக்கே தீங்காக முடியும். என்ன நடவடிக்கை எடுப்பது என்பதைக் கோர்ட்டு முடிவு செய்யட்டும். நாமே கூட்டம் கூட்டி அபராதம் போடுவதும், ஊரைவிட்டு விலக்குவதும், மரத்தில் கட்டி வைப்பதும் சட்டத்துக்கு முற்றிலும் விரோதம். அப்படிச் செய்தால் பிறகு கோர்ட்டில் நிற்கவேண்டியவர்கள் நாமாக இருப்போம்.

துணையாளரின் பாதுகாப்பும் முக்கியம். ஜப்பானில் ஒட்சு நகரில் 2024ஆம் ஆண்டு இத்தொண்டர் ஒருவர் தம் வீட்டிலேயே கொலையுண்டார். அவர் கண்காணித்துவந்த ஒருவன் கைது செய்யப்பட்டான். இத்தகைய நிகழ்ச்சி அரிதானது; ஆயினும் படிப்பினை உண்டு. சந்திப்புகள் பகல் வேளையில், பஞ்சாயத்து அலுவலகம், நூலகம் போன்ற பொது இடத்தில் நடப்பது நல்லது. முன்கோபம் உள்ளவனைப் பார்க்க இருவராகப் போகவேண்டும். பிணையில் இருப்பவர் பெண்ணாயின் துணையாளரும் பெண்ணாகவே இருக்கவேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் இதற்கு மிகவும் ஏற்றவர்கள்.

பஞ்சாயத்து உடனே செய்யக்கூடியவை

இதற்குப் பெருநிதி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பொறுமையும் நாவடக்கமும் உள்ள நாலு பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் பெண்களும் இருக்கவேண்டும். எல்லாத் தெருவினரும் இருக்கவேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்டவரின் உறவினரோ பகையாளியோ இருக்கக்கூடாது. அவர்கள் பெயர்களை நன்னடத்தை அலுவலருக்குத் தெரிவித்துவிட்டு, அவருடைய முகவரியை அலுவலகத்தில் எழுதிவையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதையும் தெரிவியுங்கள்.

பிணையில் வந்தவர்களின் பெயரைக் கிராம சபையில் படிக்கவேண்டாம். பலகையில் எழுதவேண்டாம். அவனுடைய குழந்தையைப் பள்ளியில் யாராவது "திருடன் பிள்ளை" என்று அழைத்தால் ஆசிரியரிடம் சொல்லி நிறுத்துங்கள். அச்சொல்லைக் கேட்டு வளரும் குழந்தையின் மனத்தில் எத்தகைய வடு உண்டாகும் என்பதைப் பெற்றோராகிய நீங்கள் அறிவீர்கள். பாதிக்கப்பட்ட விவசாயியையும் மறந்துவிடாதீர்கள். அவரைத் தனியே சந்தித்து, நஷ்டஈடு எந்த அளவில் வருகிறது என்பதைக் கேட்டறியுங்கள். அவருடைய மனக்குறை தீராமல் இவ்வேலை முழுமை பெறாது.

பெருமக்களே! கரை உடைந்த ஏரியைக் கண்டால், உடைந்தது யாரால் என்று விசாரிக்கும்போதே மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நாம். ஏனெனில் வெள்ளம் எல்லோர் வயலிலும் பாயும் என்பது நமக்குத் தெரியும். ஒரு மனிதன் கெடுவதும் அப்படிப்பட்டதே. பத்திரத்தின் காலம் முடியும் நாளில் யாரும் மாலை போடப்போவதில்லை. பத்திரிகையில் செய்தியும் வராது. அவன் வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டு, மாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவான். கேபிளை இழந்த விவசாயி கடைசித் தவணையைப் பெற்றுக்கொண்டிருப்பார். அந்த ஒரு நாள் உங்கள் ஊரில் வருமாறு செய்ய உங்களால் இயலும். வருகிற மாதத்துக்குள் உங்கள் பஞ்சாயத்திலிருந்து நாலு பெயர்களை எங்கள் வட்டார அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். நன்னடத்தை அலுவலரிடம் அவற்றைச் சேர்ப்பிக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.